எழுந்து வெளியே போனால் சரியாகிவிடுமா?

மனச்சோர்வில் விழுந்தவருக்கு நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரே மருந்துதான். “இப்படிப் படுத்தே கிடந்தா எப்படி? எழுந்து நாலு இடம் போய்ட்டு வா, எல்லாம் சரியாப் போயிடும்.” அம்மா சொல்வார், மாமா சொல்வார், நலம் விசாரிக்க வந்த பக்கத்துத் தெருக்காரரும் சொல்வார். கேட்பவர் தலையாட்டிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சொன்னவர்களுக்குக் கொஞ்ச நாளில் சலிப்பு வரும், பிறகு கோபம் வரும். படுத்திருப்பவருக்கு, எழக்கூட முடியாத தன்மேல் வெறுப்பு கூடும்.

இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டிய சேதி ஒன்று உண்டு. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2017இல் வந்தது. கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உள்ளூர்க்காரர்களே ஆலோசகர்களாக வந்தார்கள். அவர்கள் மருத்துவமோ உளவியலோ படித்தவர்கள் இல்லை. வாரம் ஒரு முறை 30, 40 நிமிடம் உட்கார்ந்து பேசினார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முடித்துக்கொண்டார்கள். அவர்கள் பேசியதன் சாரத்தைப் பிழிந்தால் ஏறக்குறைய நம் மாமா சொன்னதுதான் வரும்: எழுந்து ஏதாவது செய். ஆனால் மூன்றாம் மாதம் அளந்தபோது அந்தப் பாதியில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மற்றப் பாதியில் 39 சதவீதம்.

மாமா சொல்லி நடக்காதது ஆலோசகர் சொல்லி எப்படி நடந்தது?

முதலில் நோயைப் பார்ப்போம். தஞ்சை வட்டாரத்தில் யாரும் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில்லை. உடம்பெல்லாம் வலி, ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு என்றுதான் வருவார்கள். இது டெல்டாவுக்கு மட்டுமான வழக்கமல்ல. கோவாவில் வெள்ளைப்படுதல் என்று வந்த பெண்களை ஆராய்ந்தபோதும், பலரிடம் கிருமித் தொற்றைவிட மனத்துயரத்தோடுதான் அதற்கு வலுவான தொடர்பு இருந்தது. வரிசையில் நூறு பேர் நிற்கும் காலை வேளையில் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்புவது மருத்துவருக்கு எளிது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்று கண்டது. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில். கும்பகோணத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வருவதற்கு ஒரு நாள் கூலி போகிறது.

சோர்வு ஒருவரை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதற்கு 1970களில் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மிக எளிய விளக்கம் ஒன்று தந்தார்கள். ஒருவர் சார்லஸ் ஃபெர்ஸ்டர், மற்றவர் பீட்டர் லெவின்சன். மனிதன் ஒரு காரியம் செய்கிறான். அதற்கு உலகம் ஏதோ ஒன்றைத் திருப்பித் தருகிறது: கூலி, பாராட்டு, சிரிப்பு, முடித்தோம் என்ற நிறைவு. இந்தத் திருப்பித் தருதலை உளவியலில் வலுவூட்டல் என்பார்கள். அது கிடைப்பதால்தான் மறுநாளும் அந்தக் காரியத்தைச் செய்கிறோம். ஏதோ காரணத்தால் அது நின்றுபோனால் செயல் குறைகிறது. செயல் குறைந்தால் திரும்பி வருவது இன்னும் குறைகிறது. மனம் வாடுகிறது, வாடிய மனம் செயலை மேலும் குறைக்கிறது. படுத்துக்கொள்வது அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருப்பதால் அதுவே பழக்கமாகிவிடுகிறது. இந்த ஒதுங்கலுக்குத் தவிர்ப்பு என்று பெயர். தொலைக்காட்சித் தொடரும் கைபேசியும் சிலருக்கு அதே வேலையைச் செய்கின்றன. டாஸ்மாக்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இந்த விளக்கத்தைக் காவிரிப் பாசன நாட்டில் வைத்துப் படிக்கும்போது எனக்கு உடனே மேட்டூர் அணைதான் நினைவுக்கு வருகிறது. ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுப்பு, கொள்முதல் நிலையம் என்று ஆண்டின் நாட்களை ஆறுதான் பிரித்துக் கொடுக்கிறது. விடியற்காலையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவர் வழியில் நாலு பேரைப் பார்க்கிறார், டீக்கடையில் நாலு வார்த்தை பேசுகிறார், மடை திருப்பியதும் ஒரு வேலை முடிந்த நிறைவு. நடவுக்குப் போகும் பெண்களுக்குக் கூலியோடு கூட்டும் கிடைக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. வருமானம் போனதை எல்லோரும் கணக்கிட்டார்கள். வருமானத்தோடு ஒரு நாளின் வடிவமும் போயிற்று. ஃபெர்ஸ்டரின் மொழியில் சொன்னால், ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு வலுவூட்டல் வறண்டது. இதை டெல்டாவில் யாரும் அளந்து நிரூபித்ததாகச் சொல்லவில்லை. கோட்பாட்டை வைத்து நான் செய்துகொள்ளும் வாசிப்பு இது.

சிகிச்சை இந்த வட்டத்தை எங்கே வெட்டுகிறது? பாதிக்கப்பட்டவரின் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும்: “மனசு கொஞ்சம் தெளியட்டும், அப்புறம் எல்லாத்தையும் பார்க்கிறேன்.” கேட்க நியாயமாக இருக்கிறது. வாய்க்கால் தூர்வாருவதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்தபிறகு தூர்வாரலாம் என்று காத்திருந்தால் கடைமடைக்கு ஒரு சொட்டும் வந்து சேராது. காய்ந்து வெடித்துக் கிடக்கும்போதே, தண்ணீரின் வாசனைகூட இல்லாத மே மாத வெயிலில், ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் வெட்டியெறிய வேண்டியிருக்கிறது. அந்த வேலை செய்யும்போது யாருக்கும் குளிர்ச்சியாக இருக்காது. அதேபோல, உற்சாகம் வந்தபிறகு செயல் என்ற வரிசையை மாற்றி, செயலை முதலில் வைப்பதுதான் இந்தச் சிகிச்சை. பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று அழைக்கப்படும் இதைத் தமிழில் செயல்தூண்டல் சிகிச்சை எனலாம். முதல் சில நாட்களில் செயலால் மகிழ்ச்சி வராது என்பதையும் அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மாமா இதைச் சொல்வதில்லை. “போய்ட்டு வா, நல்லா இருக்கும்” என்கிறார். போய்வந்து நன்றாக இல்லாதபோது, இதுகூடத் தனக்கு வேலைக்காகவில்லை என்ற முடிவுக்கு நோயாளி வருகிறார்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. கற்பனையாக ஒரு பெரியவர்: அறுபது வயது, நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கொரு முறை காய் வெட்டிப் பிழைத்தவர். புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். தோப்புப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். இவரிடம் ஆலோசகராக வரும் பெண் எடுத்தவுடன் தோப்பைப் பற்றிப் பேசமாட்டார். முதல் வாரம் ஒரு நோட்டைக் கொடுத்து, காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தார், அப்போது மனசு பத்துக்கு எத்தனை என்று குறிக்கச் சொல்வார். எழுத வராது என்றால் பேத்தி எழுதுவாள். மறுவாரம் இருவரும் நோட்டைப் புரட்டுகிறார்கள். பகல் முழுக்க ஒன்றும் இரண்டுமாக இருக்கும் எண், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் நாலு. அன்றைக்கு என்ன? மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்தார். அவ்வளவுதான். ஆனால் அதை அவரே கண்டுபிடித்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடுத்த பேச்சு இப்படிப் போகும். “நாளையிலேர்ந்து காலையில ஏழு மணிக்கு மாட்டுக்கு நீங்கதான் தண்ணி காட்டணும், பெரியப்பா. மனசு சரியில்லைன்னாலும் ஏழு மணி ஏழு மணிதான். செஞ்சப்புறம் நோட்டுல எண்ணைப் போடுங்க.” தோப்பு இல்லை, வயல் இல்லை, கொல்லை வரைக்கும் பத்து அடி. செயல் சிறியது, நேரம் குறித்தது, மனநிலையைக் கேட்டு நடக்காதது. வாரக் கடைசியில் ஏழு நாளில் மூன்று நாள்தான் செய்தார் என்றால் ஆலோசகர் கோபப்படமாட்டார். மற்ற நான்கு நாள் எது குறுக்கே வந்தது என்று கேட்பார். ராத்திரி தூக்கமில்லாமல் விடியும்போதுதான் கண்ணயர்ந்தார் என்றால் ஏழு மணி ஒன்பதாகும். இப்படியே ஏறி, ஐந்தாம் ஆறாம் வாரத்தில் தோப்பு வருகிறது. அங்கே போய் எதையும் நடவேண்டாம், வரப்பில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதும்.

மாமாவுக்கும் இந்தப் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மாமா சொன்னது அறிவுரை. அதில் அளவும் கிடையாது, நேரமும் கிடையாது, அடுத்த வாரம் வந்து கேட்பதும் கிடையாது.

இது உண்மையாகவே வேலை செய்கிறது என்பது எப்படித் தெரியும்? மனச்சோர்வு பலருக்குத் தானாகவே தணியும். யாரோ ஒருவர் விபூதி பூசிய வாரத்தில் அது தணிந்தால் பெயர் விபூதிக்குப் போகும். அதனால்தான் கோவா ஆய்வில் யார் எந்தப் பாதி என்பதை மருத்துவரோ ஆலோசகரோ முடிவுசெய்யவில்லை, குலுக்கல் முடிவுசெய்தது. மற்றப் பாதியையும் சும்மா விடவில்லை. அவர்களுடைய மருத்துவருக்குப் பரிசோதனை முடிவையும் சிகிச்சை வழிகாட்டியையும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அளக்க வந்தவர்களுக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. அளவுகோல், பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள்: கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லை என்பது போல. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஆய்வில் சேர்ந்தவர்கள் 14க்கு மேல் இருந்தவர்கள். 10க்குக் கீழே வந்தால் தேறியதாகக் கணக்கு. 39 சதவீதம் பேர் ஆலோசகர் இல்லாமலே தேறினார்கள் அல்லவா, அதை 64இல் கழித்தால் 25. நான்கு பேருக்குச் சிகிச்சை கொடுத்தால் ஒருவர் கூடுதலாக எழுகிறார். பிரமாதமான எண்ணாகத் தோன்றாது. மனநோய் சிகிச்சைகளில் இது நல்ல எண். அந்தப் பலன் 12ஆம் மாதத்திலும் கலையவில்லை. இன்னொன்றும் பார்த்தார்கள்: பலனில் கணிசமான பங்கு, செயல்பாடு கூடியதன் வழியாகவே வந்திருந்தது. கோட்பாடு சொன்ன மடை வழியாகத்தான் தண்ணீர் பாய்ந்திருக்கிறது.

ஆலோசகர் அன்பாகப் பேசியதாலேயே குணமாகியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு முழுப் பதில் இதில் இல்லை. பாதிப் பதில் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நீல் ஜேகப்சன் 1996இல் ஒரு சோதனை செய்தார். அப்போது பெயர்பெற்றிருந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, செயல்தூண்டல் பகுதியை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார். எண்ணங்களைத் திருத்தும் நுட்பமான பகுதிகளையும் சேர்த்து மற்றவர்களுக்கு. முடிவில் வேறுபாடே இல்லை. 2016இல் பிரிட்டனில் 440 பேரிடம் நடந்த ஆய்வு இதை வேறு கோணத்தில் உறுதிசெய்தது: இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த செயல்தூண்டல், தேர்ந்த உளவியலாளர்கள் கொடுத்த முழுச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. நீண்ட படிப்பு தேவைப்படும் பகுதி கழன்று விழுந்தது. கிராமத்துக்குக் கொண்டுபோகக்கூடிய பகுதி மிஞ்சியது. இப்படிச் சிறப்பு மருத்துவரின் வேலையில் ஒரு பங்கைப் பயிற்சிபெற்ற சாதாரணர்களிடம் தருவதற்குப் பணிப்பகிர்வு என்று பெயர். பாகிஸ்தானில் கிராம சுகாதாரப் பெண் பணியாளர்கள் தாய்மார்களிடமும், ஜிம்பாப்வேயில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா பயிற்றுவித்த பாட்டிமார்கள் மருத்துவமனை வாசலில் மரப் பெஞ்சுகளில் உட்கார்ந்தும் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

சறுக்கலும் உண்டு. அதே கோவாவில் 2010இல் வெளியான முந்தைய ஆய்வில், சாதாரண ஆலோசகர்களை அரசு நிலையங்களில் வைத்தபோது பலன் தெரிந்தது. தனியார் மருத்துவர்களிடம் வைத்தபோது வேறுபாடே தெரியவில்லை. தனியார் மருத்துவர் ஏற்கெனவே குடும்பத்தைத் தெரிந்தவர், உட்காரவைத்துப் பேசுபவர் என்பது ஒரு விளக்கம். அப்படியானால் இந்தச் சிகிச்சை எதை ஈடுகட்டுகிறது என்ற கேள்வி எழுகிறது. எனக்கு இந்தச் சறுக்கல் வெற்றியைவிட அதிகம் கற்றுத்தருவதாகத் தோன்றுகிறது.

மனப்பதற்றத்திலும் தவிர்ப்புதான் பூட்டு. வேலைசெய்யும் விதம் கொஞ்சம் வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைத்தவர்கள் அலையோசை கேட்டால் நடுங்கினார்கள். தொழிலுக்குப் போகத் தயங்கினார்கள். கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மூளை ஒரு பாடத்தைப் படிக்கிறது: போகவில்லை, அதனால் தப்பித்தேன். பயம் தப்பென்று காட்டும் அனுபவம் கிடைக்க வழியே இல்லை. படிப்படியாக நெருங்கினால், முதலில் மணல்மேட்டில், பிறகு ஈரமணலில், பிறகு நாலு பேரோடு படகில், மூளை புதுப் பாடம் ஒன்றைப் படிக்கிறது. பழைய பயம் அழிவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதன்மேல் புதிய நினைவு படிகிறது, அவ்வளவே. அதனால்தான் ஒரு புயல் எச்சரிக்கை வந்தவுடன் பழையது மறுபடி தலைதூக்குகிறது. சுனாமிக்குப் பிறகு நிம்ஹான்ஸ் குழுவினர் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, மனநல ஆதரவைக் குடியிருப்புகளுக்கே கொண்டுபோனார்கள். சென்னைக் கரையில், 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் லட்சுமி விஜயகுமார், உறவுகளை இழந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் தொடர்ந்து ஆதரவு தந்ததை ஓராண்டு கழித்து மதிப்பிட்டார். ஆதரவு கிடைத்தவர்களிடம் சோர்வு குறைவாக இருந்தது. அங்கே குலுக்கல் இல்லை, ஆகவே கோவா முடிவின் உறுதி இதற்குக் கிடையாது.

இவ்வளவு சொன்னபிறகும் ஓர் உறுத்தல் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்து கிடக்கிறது, வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. இவரிடம் போய் நோட்டுப் போடச் சொல்வது எவ்வளவு நியாயம்? குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் நடக்கும் ‘ஆத்மீயதா’ திட்டம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. அங்கே கிராமத் தன்னார்வலர்கள் மனம்விட்டுப் பேசவைப்பதோடு, விதவை ஓய்வூதியம் போன்ற அரசு உதவிகளுக்கு மனு எழுதவும் துணை நிற்கிறார்கள். மனு கொடுக்க தாலுகா அலுவலகம் போவதும் ஒரு செயல்தானே. கடனை அது அடைக்காது. ஆனால் சோர்வு, கடன்காரரைப் பார்க்கப் போகவிடாமலும் வங்கியில் தவணை கேட்கவிடாமலும் கட்டிப்போடுகிறது என்றால், அந்தக் கட்டை அவிழ்ப்பதற்குப் பொருளாதாரப் பெறுமதியும் உண்டு.

எல்லாருக்கும் இது பொருந்தாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருபவர், காதில் குரல் கேட்பவர், சில வாரம் படுத்தும் சில வாரம் தூக்கமே இல்லாமல் பறந்தும் திரிபவர் ஆகியோரை ஆலோசகர் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் சோர்வு வேடம் போடும், ரத்தப் பரிசோதனை வேண்டும். மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு அது பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பலர் நிறுத்திவிடுவதால், வாரா வாரம் வரும் ஆலோசகர் அங்கேயும் உதவுவார். 14416 என்ற டெலிமனாஸ் இலவச எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம்.

நம்மிடம் அடித்தளம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கியது. கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்த மாதிரியை வைத்து மாவட்ட மனநலத் திட்டம் உருவானது. தமிழ்நாட்டில் அது முதலில் காவிரிக் கரையிலிருக்கும் திருச்சியில், 1997இல் வந்தது. இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசல்வரை போகிறார்கள். அவர்கள் பிஎச்க்யூவின் முதல் இரண்டு கேள்விகளைக் கேட்பதில் சிரமம் எதுவுமில்லை. சிரமம் அதற்குப் பிறகு வருகிறது. கோவா ஆலோசகர்களுக்கு மூன்று வாரப் பயிற்சியோடு கதை முடியவில்லை. ஆறு மாதம் கண்காணிப்பில் வேலை செய்தார்கள், வாரந்தோறும் கூடி, பதிவுசெய்த உரையாடல்களை ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். திட்டங்களை விரிவுபடுத்தும்போது நம் அரசுகள் முதலில் வெட்டுவது இந்த வாராந்தரக் கூட்டத்தைத்தான். செலவு கணக்கில் அது தெரியாது, தரத்தில் தெரியும்.

நேரக் கணக்கு வேறு. ஒரு நோயாளிக்கு எட்டு அமர்வு, அமர்வுக்கு 40 நிமிடம் என்று அதிகபட்சமாக வைத்தாலும் மொத்தம் 5 மணி 20 நிமிடம். வீட்டுக்கு வீடு நடக்கும் நேரத்தையும் வாராந்தரக் கூட்டத்தையும் இத்தோடு சேர்த்தால், ஏற்கெனவே சர்க்கரை அளக்கவும் மாத்திரை கொடுக்கவும் ஊர் சுற்றும் பெண்ணின் தலையில் இதையும் ஏற்றமுடியாது. இதற்கென்று தனி ஆளும், அந்த ஆளுக்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் அல்லாமல் சம்பளமாக ஒரு தொகையும் வேண்டும்.